ப்ளூ டிக் தானாக வரவில்லை

போன மாதம் இருபது வருஷ நண்பன் ஒருவனோடு எனக்குப் பேச்சு நின்றுபோனது. கடன் தகராறு இல்லை, அரசியல் இல்லை. அவன் ராத்திரி 11 மணிக்கு மேல் ஒரு மெசேஜ் அனுப்பினான், நான் பார்த்தேன், கண் சொருகிக்கொண்டிருந்தது, காலையில் பதில் போட்டுக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் மறந்துபோனது. மூன்றாம் நாள் ஞாபகம் வந்து "சொல்லுடா" என்று போட்டால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு வாரம் கழித்து இன்னொரு நண்பன் மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. "பார்த்துட்டு கம்முனு இருக்கான், நம்மள ஒரு ஆளா மதிச்சா பதில் போட்டிருக்க மாட்டானா" என்று வருத்தப்பட்டிருக்கிறான். சரி, அப்படி என்னதான் கேட்டிருந்தான் என்று மேலே போய்ப் பார்த்தேன். "முழிச்சிருக்கியா?"

இதற்குக் காலையில் என்ன பதில் போடுவது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் "காலம் அப்படி ஆயிடுச்சுப்பா" என்றுதான் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் நண்பன் மேல்கூட இல்லை, இந்த வாக்கியத்தின் மேல்தான். காலமா வந்து அந்த ரெண்டு டிக்கை நீலமாக மாற்றியது? 2014 நவம்பரில் வாட்ஸப் நிறுவனத்தில் இருந்தவர்கள் எடுத்த முடிவு அது. அதற்கு முன்னால் அதே ஆப், அதே நாம், அதே நண்பர்கள். ஒரு டிக் என்றால் போயிருக்கிறது, ரெண்டு டிக் என்றால் போய்ச் சேர்ந்திருக்கிறது, படித்தார்களா இல்லையா என்பது அவரவர் மனசுக்கு விட்ட விஷயம். "பார்க்கலையோ என்னவோ" என்று நாமே சொல்லிக்கொள்வோம் இல்லையா, அந்த ஒரு சொல்லில் எத்தனை உறவு தப்பிப் பிழைத்திருக்கிறது! ரெண்டு கோட்டுக்கு நீலம் பூசியதும் அந்தச் சொல் செத்துப்போனது. இப்போது பார்த்தான் என்பது நிச்சயம், பதில் போடவில்லை என்பதும் நிச்சயம், நடுவில் என்ன நடந்தது என்பதை மட்டும் நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கற்பனை என்று வந்துவிட்டால் அது நல்ல பக்கமாக எப்போது போயிருக்கிறது?

அணைத்து வைக்கலாமே என்பீர்கள். அந்த வசதியும் அப்போதே பின்னாலேயே வந்துவிட்டது, நான் இப்போது அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். நீ பார்ப்பதை மறைத்தால் மற்றவர்கள் பார்ப்பதும் உனக்குத் தெரியாது என்று ஒரு பண்டமாற்று, அது நியாயம்தான். ஆனால் அணைத்து வைப்பதே ஒரு செய்தி ஆகிவிடுகிறது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. "ஏன் ஆஃப் பண்ணி வச்சிருக்க, யார்கிட்ட மறைக்கிற" என்று இதுவரை மூன்று பேர் கேட்டாயிற்று. முதலில் எல்லோருக்கும் எரிகிற விளக்காக ஒன்றைப் போட்டுவிட்டு, அப்புறம் வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும் என்றால், அணைத்தவன்தான் சந்தேகத்துக்குரியவன் ஆவான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இணையம் மனிதர்களை மாற்றிவிட்டது, சமூகம் கெட்டுவிட்டது என்று மொத்தமாகப் புலம்பும்போது, அது ஏதோ மழை, வெயில் மாதிரி நம்மேல் தானாக வந்து இறங்கியது போலப் பேசுகிறோம். அப்படி எதுவும் இறங்கவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு வருஷம், போட்ட சுவிட்ச். சிலதுக்கு ஆள் பெயரே இருக்கிறது.

கீழே இழுத்துக்கொண்டே போனாலும் முடியாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து நிமிஷம் என்று போனை எடுத்தால் நிமிரும்போது மணி ஒன்றரை. யாரோ குதிரைக்கு லாடம் கட்டுவதை நாற்பது நிமிஷம் பார்த்திருக்கிறேன். என்னிடம் குதிரை இல்லை, எதிர்காலத்திலும் வாங்குகிற உத்தேசம் இல்லை. பழைய இணையத்தில் பக்கத்தின் அடியில் "அடுத்த பக்கம்" என்று ஒன்று இருக்கும். அந்தப் பொத்தான் உண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது, இன்னும் வேண்டுமா, போதுமா என்று. அதைத் தொட ஒரு நொடி ஆகும், அந்த ஒரு நொடியில் "சே, மணியாச்சே" என்று நமக்கே உறைக்கும். 2006ல் ஏஸா ரஸ்கின் என்ற டிசைனர் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார். (ஆப்பிளில் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ரஸ்கினின் மகன் இவர்.) கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பயனாளியை எதற்குத் தேவையில்லாமல் ஒரு கிளிக் செய்ய வைக்க வேண்டும் என்ற அக்கறைதான். பின்னாளில் அவரே இதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டிருக்கிறார். கூகுள்கூடத் தேடல் பக்கத்தில் இதே மாதிரி முடிவில்லாத பட்டியலை 2021ல் போனிலும் 2022ல் கம்ப்யூட்டரிலும் கொண்டுவந்தது, 2024ல் எடுத்துவிட்டது. ஆக, எடுக்கவும் முடிகிறது. எடுத்தால் உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"உனக்குக் கட்டுப்பாடு இல்லை, அதற்கு ஆப்பைக் குறை சொல்வானேன்" என்று கீழே ஒருவராவது எழுதுவார், அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கட்டுப்பாடு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்டி யாரோடு என்று பாருங்கள். கூகுளில் ஒரு இணைப்புக்கு எந்த நீலம் போட்டால் அதிகம் பேர் தொடுகிறார்கள் என்று 41 நீலங்களைச் சோதித்துப் பார்த்தார்களாம். அங்கே டிசைன் பிரிவில் இருந்த டக்ளஸ் போமன் 2009ல் வேலையை விட்டுப் போகும்போது எழுதிவைத்தது இது. அந்தப் பக்கம் 41 நீலம், இந்தப் பக்கம் தூக்கக் கண்ணோடு நான் ஒருத்தன். இதில் சுயகட்டுப்பாட்டைப் பற்றி எனக்கு மட்டும் வகுப்பெடுத்தால் எப்படி?

லைக் பட்டனைப் பற்றி ரொம்பப் பேச வேண்டாம், எல்லோரும் பேசித் தீர்த்ததுதான். ஃபேஸ்புக்கில் 2009 பிப்ரவரியில் வந்தது, முதலில் "ஆஸம்" என்று பெயர் வைப்பதாக இருந்தார்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், "அப்பா இன்று அதிகாலை காலமானார்" என்ற பதிவுக்குக் கீழே 212 ஆஸம்! லைக் என்று வைத்தே அந்தக் கூத்தை ஏழு வருஷம் பார்த்தோம். 2016ல்தான் அழுகிற முகமெல்லாம் வந்தது. அதுவரை துக்கத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய ஒரே தலைமுறை நாம்தான். நானும் போட்டிருக்கிறேன். வேறு பொத்தான் இல்லை, வார்த்தையில் எழுதலாம் என்றால் அதற்குள் கை தொட்டுவிட்டது.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருப்பது ஃபார்வர்டு. எங்கள் குடும்ப க்ரூப்பில் ஒரு சித்தப்பா இருக்கிறார். எல்லா க்ரூப்பிலும் இருக்கிறார். "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை விண்வெளிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் வருகின்றன, போனை அணைத்துத் தூரமாக வைத்துவிட்டுத் தூங்கவும், நாசா அறிவிப்பு" என்று ஒன்று சுற்றுமே, அதை எனக்குத் தெரிந்து நான்கு தடவை அனுப்பியிருக்கிறார். நாலாவது தடவை நான் பொறுமையாக எழுதினேன், சித்தப்பா, நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை, இது பல வருஷமாகச் சுற்றுகிற பொய் என்று. அவர் போட்ட பதில்: "தெரியும்பா. இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கைக்கு."

கேலி செய்யத்தான் இதைச் சொல்ல ஆரம்பித்தேன், ஆனால் யோசித்தால் அவர் அனுப்பியது செய்தியே இல்லை. "ஜாக்கிரதையா இருங்க" என்பதைத்தான் அனுப்பியிருக்கிறார், கதிர் வெறும் உறை. அவரவர் குடும்பத்தின் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் இதையெல்லாம் அதிகம் அனுப்புகிறார்கள். அக்கறை இல்லாதவன் எதற்கு மெனக்கெடப் போகிறான்? 2018ல் சயன்ஸ் இதழில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று பேர் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய் மறுபடி பகிரப்படுவதற்கான வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். தானாக இயங்கும் போலிக் கணக்குகள் செய்த வேலை என்று நினைத்தால், அவை உண்மையையும் பொய்யையும் ஏறக்குறைய சமமாகத்தான் பரப்பியிருக்கின்றன. பொய்யைத் தேடித் தேடித் தூக்கிச் சுமந்தது மனுஷங்கதான், ஏனென்றால் பொய் எப்போதும் புதுசாக இருக்கிறது.

அப்போ தப்பு நம்ம மேல்தானே, சுவிட்ச் என்ன செய்யும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாட்ஸப் 2018ல் ஒரே தடவையில் 20 பேருக்கு மேல் (இந்தியாவில் 5 பேருக்கு மேல்) ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வைத்தது, 2019 ஜனவரியில் உலகம் முழுக்க அதை 5 ஆக்கியது, 2020 ஏப்ரலில் ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்றது. கொஞ்ச நாளில் அந்த வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்துவிட்டதாக நிறுவனமே சொன்னது. அவர்கள் சொன்ன கணக்குதான், நமக்குச் சரிபார்க்க வழியில்லை, ஆனாலும் எங்கள் க்ரூப்பில் கண்கூடாகத் தெரிந்தது. சித்தப்பா திருந்தவில்லை. யாரும் அவருக்கு அறிவியல் சொல்லித்தரவும் இல்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தொட்டு அனுப்ப அவருக்குப் பொறுமை இல்லை, கண்ணாடியைத் தேட வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி ஆகாத காரியம், ஐந்து என்ற எண்ணை ஒன்று என்று மாற்றியதும் ஆகிவிட்டது. அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே ஏன் அது ஒன்றாக இல்லை என்ற கேள்வியை நான் யாரிடம் கேட்பது?

நல்ல சுவிட்சும் போட்டிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் உலகளாவிய வலையை (www) கண்டுபிடித்தது செர்ன் என்ற அறிவியல் ஆய்வகத்தில், அந்த ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று, இதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், உரிமை கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு ஆளுக்கு ஒரு கட்டணம் என்று வைத்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவும் மாட்டேன், நீங்கள் படித்திருக்கவும் மாட்டீர்கள். அந்த மனிதர் பின்னாளில் வருத்தப்பட்ட விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா, இணைய முகவரியில் வரும் அந்த ரெண்டு சாய்வுக் கோடு (//). தேவையே இல்லாமல் போட்டுவிட்டேன் என்றார். அந்த ரெண்டு கோட்டால் யாருக்கும் யாரோடும் பேச்சு நிற்கவில்லை சார், நிம்மதியாக இருங்கள்.

கடைசியாக எங்கள் அம்மா விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் இதுவரை எழுதியது பாதி நேர்மையாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு டைப் செய்ய வராது. எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் சொல்ல வந்ததே மறந்துவிடும். 2013லேயே வாட்ஸப்பில் வந்துவிட்ட வாய்ஸ் மெசேஜை அம்மா கண்டுபிடித்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்தான். அதிலிருந்து தினமும் ஒன்று. மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "ஹலோ" என்று ஆரம்பித்து, நடுவில் யாரோ கூப்பிட்டால் அவர்களுக்கும் பதில் சொல்லி, விட்ட இடத்தை மறந்து வேறு இடத்திலிருந்து தொடர்ந்து, "சரி வச்சுடட்டுமா" என்று என்னிடம் அனுமதி கேட்டு முடிப்பார். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதை நாலு நிமிஷம் சொல்லியிருக்கிறார், குட்டிகளின் நிறம் வாரியாக. 2021ல் வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி வந்தது, நான் அம்மாவை ரெண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் பேசும்போது அம்மா சொன்னார், "நீ கேட்டுட்டேன்னு எனக்குத் தெரிஞ்சிடும், அந்த மைக் நீலமாயிடும்ல. அது ஆனதும்தான் நான் படுப்பேன்."

ப்ளூ டிக்கை அணைத்து வைத்தாலும் வாய்ஸ் மெசேஜில் மைக் நீலமாவதை அணைக்க முடியாது. அமைப்புகளில் தேடித் தேடி அலுத்து, இதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட்டுத் திட்டலாம் என்று இருந்தவன் நான். இப்போது என்ன எழுதுவது?

நண்பனுக்கு நேற்று போன் செய்தேன். மெசேஜ் வேண்டாம் என்று நேராகவே அழைத்துவிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்து "என்னடா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றான். இப்போதெல்லாம் சும்மா அழைத்தால் அப்படித்தான் பயப்படுகிறார்கள். "முழிச்சிருக்கேன்" என்றேன். கொஞ்சம் திட்டினான், அப்புறம் சரியாகிவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது, 6 நிமிடம் 40 நொடி. மணி பத்தே முக்கால் ஆகிறது. கேட்டுவிட்டு வந்து உங்கள் கமெண்டுகளைப் பார்க்கிறேன்.