பாட்டியிடம் கதை கேட்கிறோமாம்

விழா மேடையில் நடந்ததை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் அந்த வீடியோவை அனுப்பிவிட்டார்கள். அதில் நான்கு பேர் சிரிப்புப் பொம்மையோடு. "வெள்ளத்தைப் பத்தி ஆராய்ச்சியாம், பாட்டிகிட்ட போய் கதை கேட்டுட்டு வர்றாங்க" என்று நானும் என் மாணவர்களும் செய்யும் வெள்ள ஆய்வைப் பற்றிச் சிறப்பு விருந்தினர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. முன்வரிசையும் சிரித்தது. அந்த வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று என் மாணவி ஒருத்தி "மேடம், இந்த சனிக்கிழமையும் போகணுமா?" என்று கேட்டாள். போன வாரம் வரை "எத்தனை மணிக்கு?" என்று கேட்ட பெண் அவள். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் செய்வது இதுதான். சென்னை வேளச்சேரியை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகப் போகிறோம். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023-இல் மிக்ஜாம் புயலுக்கு எதுவரை வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது என்று கேட்கிறோம். சுவரில் கறை இருந்தால் டேப் வைத்து அளக்கிறோம். கறையை வெள்ளையடித்து மறைத்திருந்தால் வீட்டில் மூத்தவரைக் கூப்பிட்டுக் கையை வைத்துக் காட்டச் சொல்கிறோம். பக்கத்து வீட்டில் தனியாகக் கேட்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். வெள்ளம் எங்கே எவ்வளவு வரும் என்று கணினியில் போடும் கணக்கு சரியா தப்பா என்று பார்க்க இந்த அளவுகள்தான் வேண்டும். வெள்ளம் வடிந்ததும் நீரியல்காரர்கள் முதலில் ஓடிப்போய்த் தேடுவதே இந்தக் கறைகளைத்தான். தெருவுக்குத் தெரு தண்ணீர் மட்டத்தை அளக்கும் அளவுமானி இல்லாத ஊரில், முப்பது வருஷமாக அதே வீட்டில் இருக்கும் அம்மாள்தான் அளவுமானி. கேட்டு எழுதுவதும் ஆராய்ச்சிதான் ஐயா.

என் கதை ஒன்று சொல்கிறேன். கதை என்றால்தான் பிடிக்காதே, பரவாயில்லை.

2015-இல் நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு, அடையாற்று வடிநிலத்தில் மழையும் வெள்ளமும். அம்மா வீடு முடிச்சூரில். நவம்பர் மழையில் ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆயா என்னிடம் சொன்னார்: "வாசல்ல தண்ணி வந்தா பயப்படாத பாப்பா, அது வடிஞ்சுடும். பாத்ரூம் ஓட்டையில கொப்பளிச்சா மட்டும் சாமானைத் தூக்கிடு." நான் தலையாட்டினேன். லேப்டாப்பில் என்னிடம் வண்ண வண்ண வரைபடம் இருந்தது, ஆயா சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்?

டிசம்பர் 1 ராத்திரி பாத்ரூம் ஓட்டை கொப்பளித்தது. முதலில் நுரை, அப்புறம் கறுப்பாகத் தண்ணீர். அந்த நேரத்தில் தெருவில் கணுக்கால் அளவுகூட இல்லை. அம்மாவின் தையல் மெஷினையும் என் லேப்டாப்பையும் மாடி வீட்டுக்குத் தூக்கினோம். பீரோவைத் தூக்க ஆளில்லை. விடிவதற்குள் தண்ணீர் ஜன்னல் மட்டம். ஆற்றில் மட்டம் ஏறிவிட்டால் கால்வாய்த் தண்ணீர் ஆற்றுக்குள் போக முடியாது, வந்த வழியே திரும்பி, வீட்டில் எது தாழ்வான ஓட்டையோ அது வழியாக வெளியே வரும். பாடப் புத்தகத்தில் உள்ள விஷயம்தான். எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் அது எந்த வீட்டில், எந்த ஓட்டையில் முதலில் தெரியும் என்பது ஆயாவுக்குத்தான் தெரியும்.

என் ஆய்வேட்டில் நன்றிப் பக்கம் ஒன்று உண்டு. வழிகாட்டி, துறைத் தலைவர், உதவித்தொகை கொடுத்தவர்கள், பைண்டிங் கடைக்காரர் வரை இருக்கிறார்கள். ஆயா இல்லை. மேடையில் சிரித்தவர்களைச் சொல்வதற்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

"அப்படியானால் பாட்டிகளே போதுமே, பல்கலைக்கழகம் எதற்கு?" என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. போதாது. அதே முடிச்சூரில் "எங்க காலத்துல இங்க தண்ணி வந்ததே இல்ல" என்று சத்தியம் செய்த பெரியவர்களும் இருந்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எந்தப் பாட்டியின் ஞாபகத்திலும் அப்படி ஒரு மழை கிடையாது. காலநிலை மாறுகிறது என்பதன் அர்த்தமே ஞாபகம் மட்டும் போதாது என்பதுதான். அதற்காக ஞாபகம் வேண்டாம் என்று யார் சொன்னது?

டெல்டாக்காரர்களுக்கு சி.ஆர். 1009 சப் 1 தெரிந்திருக்கும். நாற்று இரண்டு வாரம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்கிற நெல். அந்தக் குணத்தைத் தரும் மரபணுவை 2006-இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். பெரிய ஆய்வகம், பெரிய இதழ், எல்லாம் சரி. அந்த மரபணு எங்கிருந்து கிடைத்தது? ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து. வெள்ளத்தில் சாகாத நெல் இது என்று யாரோ பார்த்து, விதை எடுத்து வைத்து, அடுத்த வருஷமும் விதைத்ததால் அது இருந்தது. மேடையின் கணக்குப்படி அதுவும் பாட்டி கதைதான்.

இன்னொருவர், காலநிலை ஆராய்ச்சி என்றாலே ஏசி அறை, விமானம், கருத்தரங்குதானே என்று ஆரம்பித்தார். விமானத்தில் போகிறவர்களிடம் கேளுங்கள். எனக்கு டவுன் பஸ்.

"இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை. எல்லாப் படிப்புக்கும் அதுதான் நிலைமை, இதற்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

"மரம் நட்டாலே போதுமே" என்று விருந்தினர் அடுத்து சொன்னது வீடியோவில் வெட்டுப்பட்டிருக்கிறது. சொல்லிவிட்டு நட்டார். போன வருஷம் வேறொரு விருந்தினர் நட்ட அதே குழியில். மரம் நடுவது நல்லது, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தென்சென்னை ஏரிகளின் உபரி நீரையெல்லாம் வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பும் இடம். அதன் மேல் குப்பையையும் கட்டடத்தையும் கொட்டிவிட்டு, மிச்சத்தை 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்துக் கைதட்டினோம். அங்கே அடைபட்ட தண்ணீரை ஒரு புங்கங்கன்று என்ன செய்யும்? மாறும் காலநிலைக்குத் தகவமைத்துக்கொள்வது என்றால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகிறது, அவர் அதற்கு முன்னால் எதைத் தூக்கி வைக்க வேண்டும், அதை யார் அவருக்குச் சொல்வது என்பது. அதைக் கேட்டுத்தான் எழுத முடியும்.

சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. அது இன்று எங்கள் கையில் எப்படி இருக்கிறது தெரியுமா? மூன்று துறை மாணவர்களை ஒரே அரங்கில் உட்காரவைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். வேறு வகுப்புக்கு ஆள் வராவிட்டால் அந்த மணியும் போய்விடும். பாதிப் பேர் தூங்குவார்கள், நான் எழுப்ப மாட்டேன். அதைப் பார்த்து யாரும் மேடையில் சிரித்ததில்லை. வெயிலில் டேப் பிடித்து நின்ற பிள்ளைகளைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது.

கடைசியாக, அதிகம் பேர் கேட்டது. "அங்கேயே எழுந்து பதில் சொல்லியிருக்கலாமே, முகநூலில் எழுதி என்ன பயன்?" சொல்லியிருக்கலாம். என் பணி ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் தொகுப்பூதியப் பணி. புதுப்பிக்கும் கையெழுத்து முன்வரிசையில் இருந்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமென்றால் எட்டு வருஷம் இப்படி வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். அன்றைக்கு நானும் லேசாகச் சிரித்துவைத்தேன். வீடியோவில் 42-வது நொடி, இடது ஓரம், பச்சைப் புடவை. பார்த்தவர்கள் சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

மாணவி கேட்டதற்குப் பதில்: ஆமாம், இந்த சனிக்கிழமையும் போகிறோம். காலை ஏழு மணி, ரயில் நிலைய வாசலில். போன தடவை டேப் பாதியில் அறுந்துவிட்டது, புதுசு வாங்கிவிட்டேன். மூன்றாவது தெரு மூலை வீட்டு அம்மா ஒன்பது மணிக்குமேல் ரேஷன் கடைக்குப் போய்விடுவாராம், முதலில் அங்கே.