சுலைமானியாவின் பக்கச் சுவரைப் பாருங்கள்

"ஓட்டோமான் பள்ளிவாசல்கள் எல்லாமே ஹாகியா சோபியாவின் நகல்தானே?" என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. இஸ்தான்புல்லின் சுலைமானியா பள்ளிவாசலுக்குள் பத்து நிமிடம் நின்றவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சரி, சாயல் இருக்கிறது. நடுவில் பெரிய குவிமாடம், முன்னும் பின்னும் இரண்டு அரைக் குவிமாடங்கள், தாங்க நான்கு பெருந்தூண்கள். சுலைமானியாவுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன், கிழக்கு ரோமானியர்களான பைசாந்தியர்கள் ஹாகியா சோபியா தேவாலயத்துக்குப் போட்ட அதே கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. குவிமாடம் தன் பாரத்தைக் கீழே இறக்குவதோடு நிற்காது, பக்கவாட்டிலும் தள்ளும். 537இல் திறந்த ஹாகியா சோபியாவின் குவிமாடம் 558இல் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டிய பிறகும், வெளியே முட்டுச் சுவர் மேல் முட்டுச் சுவராக எழுப்பித்தான் அதைக் காப்பாற்றி வந்தார்கள். அந்தப் பழுதுபார்க்கும் வேலையில், சுலைமானியாவைக் கட்டிய ஓட்டோமான் கட்டடக் கலைஞர் சினானுக்கே பங்கு உண்டு.

அதே சினான், சுல்தான் சுலைமானுக்காக 1550இல் தொடங்கி 1557இல் முடித்த பள்ளிவாசலில் முட்டுச் சுவர்கள் எங்கே? தேடினால் சட்டென்று கிடைக்காது. பக்கச் சுவரின் உள்ளே பாதி, வெளியே பாதி என்று புதைத்துவிட்டார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதிகளுக்கு நடுவே தூண்கள் வைத்து இரண்டடுக்குத் தாழ்வாரம் போட்டார். அதன் அடியில் வரிசையாகக் குழாய்கள். கூட்டம் அங்கே உட்கார்ந்து ஒளு செய்கிறது, அதாவது தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுகிறது. அத்தனை பெரிய குவிமாடத்தின் தள்ளலைத் தாங்கும் கல் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பார்த்தால் நிழலுக்காகப் போட்ட திண்ணை மாதிரிதான் தெரியும்!

குவிமாடத்தின் உயரம் 53 மீட்டர். அகலம் ஏறத்தாழ 26 மீட்டர்தான், ஹாகியா சோபியாவைவிடச் சிறியது. ஆனால் அங்கே தூண் வரிசைகள் நடுக்கூடத்தைப் பக்கக் கூடங்களிலிருந்து பிரித்துவிடும். இங்கே பக்கத்துக்கு இரண்டே பெரிய தூண்கள், அகலமான வளைவுகள். ஓரத்தில் தொழுகிறவரும் அதே கூடத்தில்தான் நிற்கிறார். ஜமாஅத்தாக, ஒன்றுசேர்ந்து தொழ வருகிறவர்களை மனதில் வைத்து ஒருவர் யோசித்த யோசனை இது. இதைப் போய் நகல் என்றால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் உள்ளே எரிந்த விளக்குகளின் புகையைக் காற்றோட்டத்தாலேயே வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுத்து, அங்கே படிந்த கரியை வழித்து மை காய்ச்சினார்கள். சுவரும் கறுக்கவில்லை, எழுதுகிறவருக்கும் மை கிடைத்தது. சுற்றிலும் மதரசாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்குச் சோறு போட்ட சமையற்கூடம், குளியல் கூடம். கட்டுமானக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. அதன்படி வேலை செய்த கைவினைஞர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். சினானே கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் அரசுப் பணிக்குக் கொண்டுவரப்பட்டவர்.

போகிறவர்கள் முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள். பக்கவாட்டுக்குச் சுற்றி வாருங்கள். குழாயடியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பின்னாலுள்ள சுவரைத் தொட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள்.