மெட்டு வரியைத் தாண்டிப் போகாதீர்கள்

பழைய அமெரிக்கப் பாட்டுப் புத்தகங்களை நூலகங்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டாலும் போட்டன, ஒரு பக்கத்தைப் படம் பிடித்து "இதோ அசல் ஐரிஷ் பாட்டு", "இதோ அமெரிக்க மண்ணில் முளைத்த தேசபக்திப் பாட்டு" என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பாட்டில் பாதியைத்தான் படித்துவிட்டு எழுதுகிறார்கள் என்பது என் குறை. தலைப்புக்கும் முதல் அடிக்கும் நடுவே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்ன பாட்டின் மெட்டு. மீதிப் பாதி அங்கேதான் இருக்கிறது.

சாங்ஸ்டர் என்று பெயர் பெற்ற இந்தப் புத்தகங்கள் பையில் அடங்குகிற அளவுதான். நம் குஜிலிப் பாட்டுப் புத்தகம் மாதிரி, பெரும்பாலும் வெறும் சொற்கள். இசைக்குறிப்பு போடாததற்குக் காரணம் செலவு. குறிப்பை உலோகத் தகட்டில் செதுக்க வேண்டும், இல்லாவிட்டால் இசைக்கென்றே தனி அச்செழுத்து வேண்டும். அது தனித் தொழில். சொற்களை மட்டும் கோத்து அடிக்க ஊர்ச் சின்ன அச்சகமே போதும். 1798இல் மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் வந்த 'அமெரிக்கன் மியூசிக்கல் மிசலனி' இசைக்குறிப்போடு வந்தது; அது மாதிரி கொஞ்சம்தான்.

மெட்டு வரி என்னவெல்லாம் சொல்லும் என்பதற்கு ஒரே ஒரு மெட்டை எடுத்துக்கொள்வோம். லண்டனில் அனாக்ரியான்டிக் சங்கம் என்று ஒரு கனவான்கள் சங்கம் இருந்தது. மதுவையும் காதலையும் கொண்டாடும் அவர்களுடைய சங்கப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் ஜான் ஸ்டாஃபர்ட் ஸ்மித். அதே மெட்டில் ராபர்ட் ட்ரீட் பெயின் 1798இல் 'ஆடம்ஸ் அண்ட் லிபர்ட்டி' எழுதினார். 1814 செப்டம்பரில் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டையைப் பிரிட்டிஷ் கப்பல்கள் தாக்கியதைப் பார்த்து பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதியதும் அதே மெட்டுக்குத்தான். முதலில் தனித்தாளாக வந்தபோது எழுதியவர் பெயர் இல்லை. மெட்டின் பெயர் இருந்தது. அதுதான் 1931இல் அமெரிக்கத் தேசிய கீதம் ஆனது.

மெட்டு வரி கிழிந்துபோன பக்கத்திலும் இந்த மெட்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஐந்தாம் அடியைப் பாருங்கள். அது இரண்டாக உடையும். உடைந்த இரண்டு துண்டுகளும் அடுத்த அடியும் ஒரே இயைபில் முடியும். சங்கப் பாட்டில் ஃப்ளூட், மியூட், பூட். பெயினிடம் பீஸ், இன்கிரீஸ், கிரீஸ். கீயிடம் கிளேர், ஏர், தேர். இந்த இயைபு இருந்து, கடைசியில் ஓர் ஈரடி மறுபடி மறுபடி வந்தால் அனாக்ரியான் மெட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாடிப் பார்த்தும் உறுதி செய்யலாம். ஆனால் இந்த மெட்டு ஒன்றரை ஸ்தாயி அகலம். தொடக்கத்தைக் கொஞ்சம் மேலே எடுத்துவிட்டால் ஐந்தாம் அடியில் குரல் கிழிந்துவிடும். தாழ எடுங்கள்.

ஐரிஷ் பாட்டுகளில் குழப்பம் இன்னும் அதிகம். அமெரிக்க சாங்ஸ்டர்களில் அடிக்கடி கண்ணில் படும் 'எக்ஸைல் ஆஃப் எரின்', நாடிழந்த ஐரிஷ்காரனின் புலம்பல். எழுதிய தாமஸ் காம்ப்பெல் ஸ்காட்லாந்துக்காரர். எழுதியது 1800 வாக்கில், ஹாம்பர்க் பக்கத்தில், அங்கே அடைக்கலம் புகுந்திருந்த ஐரிஷ் கிளர்ச்சியாளர்களைப் பார்த்து. மெட்டு என்று போட்டிருக்கும் 'சவர்னீன் டீலிஷ்' 1791இல் லண்டன் நாடக மேடையில் பாடப்பட்டது. இதை ஐரிஷ் பாட்டு இல்லை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. ஐரிஷ் மக்கள் அதைத் தங்களுடையதாகவே பாடினார்கள். அயர்லாந்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்த நாட்டுப்பாட்டு என்று எழுதினால்தான் தப்பு.

சாங்ஸ்டர்களில் ஐரிஷ் பாட்டு இத்தனை என்று எண்ணி, அதை வைத்து அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களின் செல்வாக்கை அளப்பதும் எனக்கு ஒப்பவில்லை. 1790ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் சொந்த நாட்டாருக்கும் அங்கே குடியிருப்போருக்கும் மட்டும்தான். வெளிநாட்டு எழுத்தாளருக்குப் பாதுகாப்பு கிடைக்க 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1808 முதல் 1834 வரை பத்துப் பகுதிகளாக வந்த ஐரிஷ் கவிஞர் தாமஸ் மூரின் 'ஐரிஷ் மெலடீஸ்' பாட்டுகளை யார் வேண்டுமானாலும் சல்லிக்காசு கொடுக்காமல் அடிக்கலாம். அடித்தார்கள். 1803-04இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜனாதிபதி ஜெஃபர்சனைக் கிண்டலடித்துக் கவிதை எழுதியவர் இந்த மூர். அதற்காகத் திட்டித் தீர்த்த ஊரே அவர் பாட்டை விற்றுக் காசு பார்த்தது. நிஜமாகவே ஐரிஷ் அரசியல் கப்பலேறி வந்ததைப் பார்க்க வேண்டுமானால் 'பேடீஸ் ரிசோர்ஸ்' இருக்கிறது. 1795இல் பெல்ஃபாஸ்டில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐக்கிய ஐரிஷ்காரர்கள் என்ற அமைப்பு போட்ட புத்தகம். 1796இல் பிலடெல்பியாவிலும் 1798இல் நியூயார்க்கிலும் மறுபதிப்பானது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: அமெரிக்கப் பாட்டுக்குள் ஐரிஷ் தொடர்பு இருக்கும். உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் பாடிய 'பானி ப்ளூ ஃப்ளாக்' (1861) 'ஐரிஷ் ஜான்டிங் கார்' என்ற வேடிக்கைப் பாட்டின் மெட்டு. வடக்கே 1863இல், போர் முடிந்து ஜானி வீடு திரும்புவதைப் பாடும் 'வென் ஜானி கம்ஸ் மார்ச்சிங் ஹோம்' பாட்டைப் போட்டவர் கால்வேயில் பிறந்த பேட்ரிக் கில்மோர். 'ஜானி ஐ ஹார்ட்லி நியூ யே' என்ற ஐரிஷ் போரெதிர்ப்புப் பாட்டைத் திருடி அவர் இப்படி மாற்றினார் என்ற கதை வாட்ஸ்அப் வரைக்கும் வந்துவிட்டது. அந்த எதிர்ப்புப் பாட்டு 1867இல் லண்டனில் அச்சானது. மெட்டு அதைவிடப் பழசாக இருக்கலாம். சொற்களை மட்டும் 1863க்கு முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

தேதி விஷயத்தில் முகப்புத் தாளை நம்ப வேண்டாம். எழுத்தைக் கோத்ததும் அதை அச்சு வார்த்துத் தகடாக்கி வைத்துக்கொண்டு, வருடங்கள் கழித்துப் புது முகப்பு ஒட்டி விற்பது சகஜம். பக்க எண் நடுவில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், இரண்டு மூன்று சிறு புத்தகங்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஒப்பிட உறுதியான தேதி வேண்டுமானால் அமெரிக்க அச்சாளர் ஐசையா தாமஸின் தொகுப்பு கைகொடுக்கும். பாஸ்டனில் அப்போது விற்றுக்கொண்டிருந்த 300க்கும் மேற்பட்ட பாட்டுத் தாள்களை அவர் வாங்கிக் கட்டி 1814இல் வைத்துவிட்டுப் போனார்; மாசசூசெட்ஸின் வூஸ்டரில் இன்றும் இருக்கிறது. ஒரு பாட்டு அதில் இருந்தால் 1814க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. இல்லை என்பதால் மட்டும் பிந்தியது என்று ஆகிவிடாது.

தேடும்போது ஒன்று. 1800 வாக்கு வரை அங்கே எஸ் எழுத்தை நீளமாக, எஃப் போலவே அடித்தார்கள். கணினி அதை எஃப் என்றே படித்து வைத்திருக்கும். 'சாங்' என்று தேடிக் கிடைக்காவிட்டால் முதலெழுத்தை எஃப் ஆக்கி 'ஃபாங்' என்று தேடிப் பாருங்கள், கொட்டும்.