ஸ்டாஃபோர்டின் நான்கு மணி நேரம்

இருபத்திரண்டு ஆண்டுகளாக வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். தரச் சான்றிதழ், மதிப்பெண், ஆய்வுக்குழு என்று பேச்சு எழும்போதெல்லாம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

2005 வாக்கில் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு விதி இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நூறு பேரில் 98 பேரையாவது நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து, வார்டில் சேர்க்கவோ வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும். விதி தவறென்று சொல்ல மாட்டேன். ஸ்ட்ரெச்சரில் விடிய விடியக் கிடந்த முதியவர்களைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 2006-07இல் ஒரு கோடி பவுண்டு மிச்சம்பிடிக்க ஸ்டாஃபோர்டு நிர்வாகம் 150க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைத்தது. ஆளைக் குறைத்தார்கள், கெடுவைத் தளர்த்தவில்லை.

ஹெலன் டானலி அந்தப் பிரிவில் செவிலியர். கெடு தாண்டிய நோயாளிகளுக்குப் பொய்யான நேரத்தை எழுதும்படி மேலே இருந்த செவிலியர்களே சொன்னதாகப் பின்னர் நடந்த பொது விசாரணையில் சாட்சியம் அளித்தார். எதிர்த்துப் பேசியதற்காக மிரட்டப்பட்டார். பணி முடிந்தால் இருட்டில் கார்வரை தனியாக நடக்க அஞ்சி, பெற்றோரையோ கணவரையோ வரச்சொல்வாராம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கையில் பேனாவோடு கடிகாரத்தைப் பார்த்து நிற்கும் அந்த நொடி எந்தச் செவிலியருக்கும் தெரியும்.

மேலே வார்டுகளில் நோயாளிகள் அழுக்கான விரிப்பிலேயே கிடந்தார்கள். தண்ணீரும் சாப்பாட்டுத் தட்டும் கைக்கெட்டாத இடத்தில் இருந்தன. இதையெல்லாம் எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. 2007இல் தாயை அங்கே பறிகொடுத்த ஜூலி பெய்லியும் அவரைப் போன்ற குடும்பத்தினரும் தெருவுக்கு வந்து போராடித்தான் உலகுக்குத் தெரிந்தது.

எண்களே வேண்டாம் என்பவள் அல்ல நான். ஸ்டாஃபோர்டில் ஓர் எண் உண்மையைச் சொல்லத்தான் செய்தது. எதிர்பார்க்கத்தக்க இறப்புகளை 100 என்று வைத்துக்கொண்டால் அந்த மருத்துவமனையில் 127 என்று 2007இல் ஓர் ஒப்பீடு காட்டியது. நிர்வாகம் என்ன செய்தது? நோய்க்குறியீடுகளைப் பதிந்ததில் பிழை என்று அதைத் துருவப் போனது. படுக்கையருகே போய்ப் பார்க்கவில்லை. 2008 பிப்ரவரியில் அதே மருத்துவமனைக்கு, நன்றாக நடப்பவற்றுக்குத் தரப்படும் தன்னாட்சித் தகுதியும் கிடைத்தது! இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

2013இல், அந்தப் பொது விசாரணையை நடத்திய வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தார். அதன்பின், எந்த வார்டில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும், உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை இங்கிலாந்து மருத்துவமனைகள் 2014 முதல் வெளியிடத் தொடங்கின. எனக்கு வேண்டிய அளவுகோல் இதுதான். நோயாளி காத்திருந்த நேரத்தை எழுதும் பக்கத்திலேயே, அன்று பணியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். உண்மையை எழுதுகிறவரைத் தண்டிக்காதீர்கள்.

நேற்றிரவு என் வார்டில் 38 நோயாளிகள். நாங்கள் இரண்டு பேர். வாசலில் தொங்கும் பலகையில் முதல் எண் இருக்கிறது, இரண்டாவது இல்லை.