பிழைச் செய்தியின் வாயை அடைக்காதீர்கள்

தமிழ்க் கோப்பைப் படிக்கும்போது பைத்தான் ஸ்கிரிப்ட் பிழை காட்டினால், பிழையைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் 'எர்ரர்ஸ் இக்னோர்' போடு, ஓடிவிடும் என்று சொல்கிறார்கள். தயவுசெய்து இந்த யோசனையை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பழைய மாணவர் சங்கத்துக்காக முகவரிப் பட்டியல்களை ஒன்றாக்கினேன். ஒரு கோப்பு, வேறொருவர் ஏற்கெனவே ஸ்கிரிப்டில் ஓட்டிய கோப்பு. பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம். விண்டோஸில் என்கோடிங், அதாவது எழுத்துக் குறிமுறை எது என்று சொல்லாமல் திறந்திருக்கிறார். பைத்தான் 3.14 வரை அப்படித் திறந்தால் விண்டோஸின் பழைய குறிமுறையைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது பெரும்பாலும் தமிழ் இல்லாத 1252 என்ற குறிமுறை.

எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்; புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனிக் குறிகள்தான். மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கடைசி பைட்டின் மதிப்பு 8டி. 1252இல் அந்த இடம் காலி. அதனால் முதல் புள்ளியிலேயே ஸ்கிரிப்ட் நின்றிருக்கும். நம் புள்ளி கொடுத்த எச்சரிக்கை அது! அவர் இக்னோர் போட்டு அதைத் தாண்டிவிட்டார்.

எழுத்துகள் வெறுமனே உருமாறியிருந்தால் திருப்பி மாற்றிவிடலாம். இக்னோரோ பைட்டையே தூக்கி எறிந்துவிடும். ஏ, ஐ இரண்டின் கடைசி பைட்டுக்கும் 1252இல் இடமில்லை. ஏகாம்பரம், ஐயப்பன் என்றால் மிச்சத்தை வைத்து ஊகிக்கலாம். தலைப்பெழுத்தாக மட்டும் இருந்தது ஏ-வா, ஐ-யா? ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்டோம்.

சரி, யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் போதுமா? எக்செல் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைச் சேர்த்திருந்தால், முதல் நெடுவரிசையின் பெயரே பொருந்தாது. அந்தக் குறியை நீக்கிப் படிக்க 'யூடிஎஃப்-8-சிக்' என்ற என்கோடிங் இருக்கிறது.

அப்புறம் ஊர்வாரியாக எண்ணினேன். பொள்ளாச்சி இரண்டு வரிகளில் வந்தது. எப்படிப் பார்த்தாலும் ஒரே சொல். நீளத்தை அச்சிட்டேன்: ஒன்று 10, மற்றொன்று 11. ஒருவர் 'பொ'வின் ஒகரத்தை ஒரே குறியாகவும், இன்னொருவர் கொம்பு, கால் என்று இரண்டாகவும் உள்ளிட்டிருக்கிறார்கள். இதற்குப் பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால்தான் இதற்கு அதிகம் பயப்படுகிறேன். பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே சீராக்கும் என்எஃப்சி வடிவத்துக்குப் படித்தவுடன் மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே வரிதான், தமிழ் தொடும் எல்லா ஸ்கிரிப்டிலும் இருக்க வேண்டும்.

ஔவை என்பதை ஒ, ள என்று தட்டியிருந்தால் என்எஃப்சியும் உதவாது. ஒளிமதியும் அப்படித்தானே தொடங்குகிறது? கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. அந்தப் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினேன்.