வங்கியின் இழப்பை யார் சுமப்பது?

ஒரு வங்கி தள்ளாடத் தொடங்கியதும் அதைக் காப்பாற்றுவதா, திவாலாக விடுவதா என்றே விவாதிக்கிறோம். கேள்வியே சற்றுப் பிசகானது என்பது என் கருத்து. வாராக்கடன்களால் விளைந்த இழப்பு, வங்கி திறந்திருந்தாலும் மூடப்பட்டாலும் அப்படியேதான் இருக்கிறது. பங்குதாரர்கள், கடன்பத்திரம் வைத்திருப்போர், வைப்பாளர்கள், வரி செலுத்துவோர் ஆகியோரில் அதை யார், எந்த வரிசையில் ஏற்பது என்பதைத்தான் அரசு உண்மையில் முடிவு செய்கிறது.

1992இல் ஸ்வீடன் அரசு வங்கிகளுக்குக் கடன் கொடுத்தோர் அனைவருக்கும் உத்தரவாதம் அளித்தது. பங்குதாரர்களுக்கு மட்டும் அளிக்கவில்லை. கோட்டா வங்கியை அரசே ஏற்றுக்கொண்டபோது பழைய உரிமையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. வாராக்கடன்களைப் பிரித்தெடுத்து விற்றுத் தீர்க்க, செக்யூரம், ரெட்ரிவா என்ற தனி நிறுவனங்கள் அமைக்கப்பட்டன. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி வேறு: அரசு உதவிக்கு விண்ணப்பித்திருந்த எஸ்.இ.பி. வங்கி, பின்னர் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தன் பங்குதாரர்களிடமே மூலதனம் திரட்டியது. உதவியின் விலை உரிமையை இழப்பதுதான் என்று தெரிந்தால், முதலாளிகளின் பணப்பை எப்படியோ திறந்துவிடுகிறது.

அயர்லாந்து 2008 செப்டம்பர் இறுதியில் ஒரே இரவில் எடுத்த முடிவு இதற்கு நேர் எதிரானது. வங்கிகளுக்குத் தற்காலிகப் பணத்தட்டுப்பாடுதான், மூலதனம் கரைந்துவிடவில்லை என்று நம்பி, வைப்புகளோடு கடன்பத்திரங்களின் பெரும்பகுதிக்கும் சேர்த்து ஏறத்தாழ 44,000 கோடி யூரோவுக்கு அரசு பொறுப்பேற்றது. அந்த நம்பிக்கை பொய்த்தது. வங்கிகளுக்குள் சுமார் 6,400 கோடி யூரோ பொதுப்பணம் போனது; 2010 இறுதியில் நாடே பன்னாட்டு நாணய நிதியத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. வங்கிக்கு இருப்பது பணத்தட்டுப்பாடா, மூலதன இழப்பா என்பதை நெருக்கடி இரவில் பிரித்தறிவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடினம் என்பதால்தான், யார் இழப்பை ஏற்பது என்பதை அன்றிரவு பேரம் பேசித் தீர்மானிக்கக் கூடாது. சட்டத்தில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும் என்கிறேன்.

எழுதினாலும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. 2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கி, அந்நாட்டின் மற்றொரு வங்கியான யுபிஎஸ் வசம் போனபோது, அதன் பங்குதாரர்களுக்குச் சுமார் 300 கோடி ஃபிராங்க் கிடைத்தது. பணத்தைத் திரும்பப் பெறும் வரிசையில் அவர்களுக்கு முன்னால் நிற்பதாக எண்ணியிருந்த ஒரு வகைக் கடன்பத்திரதாரர்களின் சுமார் 1,600 கோடி ஃபிராங்க் மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டது. பத்திர நிபந்தனைகளும் அவசர ஆணையும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. என் பார்வையில் அது வரிசையைத் தலைகீழாக்கிய செயல்.

அதே மாதம் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி சரிந்தபோது, வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்பான 2,50,000 டாலரைத் தாண்டிய தொகைகளுக்கும் அரசு பொறுப்பேற்றது. பங்குதாரர்களைக் கைவிட்டது சரியே. ஆனால் செலவு வரி செலுத்துவோர் தலையில் விழாது, மற்ற வங்கிகளிடம் சிறப்புக் கட்டணமாக வசூலிக்கப்படும் என்ற விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அந்த வங்கிகள் அதைத் தங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து மெல்ல மீட்டுக்கொள்ளாது என்று நம்புவதற்கு ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை.