செங்கல் அடைத்த சன்னல் எல்லாம் வரிக்காக அல்ல

லண்டனின் பழைய ஜார்ஜியன் காலச் (சுமார் 1714 முதல் 1830 வரை) செங்கல் வீடுகளில் அடைத்திருக்கும் சன்னல்கள் எல்லாமே சன்னல் வரிக்குப் பயந்து, அதாவது சன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் போட்ட வரிக்குப் பயந்து, மூடியவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான், 1696 முதல் 1851 வரை. அதற்காகச் சன்னலை அடைத்தவர்களும் உண்டு. ஆனால் 'எல்லாமே' என்பது சரியல்ல. அந்தக் காலத்தில் முகப்பு இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம்! உள்ளே கணப்பின் புகைபோக்கி போகும் இடத்தில் சன்னல் வைக்க முடியாது. அதனால் கட்டும்போதே சன்னல் வடிவில் ஒரு குழிவு மட்டும் விட்டார்கள்.

நீங்களே பார்க்கலாம். அப்படி ஒரு வீட்டின் படத்தைப் பெரிதாக்கி அடைப்பின் ஓரத்தைக் கவனியுங்கள். செங்கல்லின் நிறமோ சாந்தோ மாறி, ஓரத்தில் மேலிருந்து கீழே நேர்கோடாக ஒரு பிளவு தெரிந்தால் பிற்பாடு அடைத்ததாக இருக்கலாம். சுற்றியுள்ள சுவரின் அதே செங்கல், அதே சாந்து, நேர் மேலே கூரையில் புகைபோக்கி என்றால் பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். அப்புறம், இங்கிலாந்தின் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அரசு சார்ந்த அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் இணையத்தில் இலவசம். அதில் 'பிளைண்ட்' (blind) என்றிருந்தால் பொதுவாகத் தொடக்கத்திலிருந்தே பொய்ச் சன்னல், 'பிளாக்டு' (blocked) என்றால் பின்னால் அடைத்தது.